‘உயர்த்தினார்’ என்கிற வசை

இளையராஜாவைப் பற்றி நம்மவர்கள் எழுத உட்கார்ந்தால் ஒரு சொல் தவறாமல் வந்து விழுந்து விடுகிறது. ‘உயர்த்தினார்.’ சினிமாப் பாட்டை உயர்த்தினார். 2005இல் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளை எடுத்து, புடாபெஸ்ட் சிம்பனி வாத்தியக் குழு வாசிக்க, தானே முன்னின்று பாடி வெளியிட்டபோது திருவாசகத்தை உயர்த்தினார். கூடவே தன்னையும் உயர்த்திக் கொண்டார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பனி அரங்கேறியபோது தமிழர் எல்லோரையுமே ஒட்டுமொத்தமாக உயர்த்தி விட்டார். எதிலிருந்து எதற்கு, எத்தனை படி, மேலே போய் அவர் கண்டது என்ன என்று கேட்பாரில்லை. தினசரிகள் இப்படி எழுதுவதில் எனக்கு வியப்பில்லை. அவற்றின் பிழைப்பே அதில்தான். ஆனால் சொல்லை நிறுத்துப் பார்த்துப் போடுவதாகப் பெயர் பண்ணிக் கொண்டிருக்கும் நம் சிறுபத்திரிகை வட்டத்திலும் இதே சொல் இதே அசட்டுப் பூரிப்போடு புழங்குகிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தத் திருவாசகக் குறுந்தகடு வந்தபோது எழுந்த இரண்டு குரல்களை ஞாபகப்படுத்திக் கொள்ளலாம். சினிமாவுக்கு மெட்டுப் போடுகிறவர் மணிவாசகரைத் தொடலாமா, பக்தி என்பது என்ன பின்னணி இசையா என்றது ஒன்று. தமிழின் தெய்வீக நூலுக்கு இப்போதுதான் உலகத் தரம் வந்தது, கோவில் மூலையில் கிடந்ததைத் தூக்கிச் சர்வதேச மேடையில் வைத்தார் என்றது மற்றது. இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் என்று இருவருமே நம்பினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் பிடித்துக் கொண்டு நிற்பது ஒரே ஏணியை. ஒருவர் ஏறுகிறவரின் காலைப் பிடித்து இழுக்கிறார், மற்றவர் கையைப் பிடித்துத் தூக்குகிறார். கீழே சினிமா, அதற்கும் கீழே பண்ணைப்புரம், மேலே திருவாசகம், அதற்கும் மேலே புடாபெஸ்ட் என்ற படிவரிசையில் இருவருக்கும் துளியும் சந்தேகமில்லை. என் சந்தேகம் அந்த ஏணியைப் பற்றியது.

இது நமக்கு மட்டுமே வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ பாடகர் ஒருவர், வயலின் கூட்டம் பின்னால் வாசிக்க, பழைய பிராட்வே, ஹாலிவுட் பாட்டுகளை ஓர் இசைத்தட்டாகப் பாடினால், அங்கேயும் விமர்சகர்கள் இதே பல்லவியைத்தான் எடுப்பார்கள்: இவர் வளர்ந்து விட்டார், பக்குவம் வந்து விட்டது, வட்டத்தை விட்டு வெளியே வந்து விட்டார். அந்த வட்டத்துக்குப் பெயர் வந்த கதையே கவனிக்கத் தக்கது. கறுப்பர்கள் பாடி, கறுப்பர்கள் வாங்கும் இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெகார்ட்ஸ்’, அதாவது ‘இன’த் தட்டுகள், என்று பட்டியல் போட்டுக் கொண்டிருந்தது பில்போர்டு வியாபாரப் பத்திரிகை. கேட்க நன்றாக இல்லை என்று 1949இல் அதை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றினார்கள். புதுப் பெயரைத் தந்தவர் அப்போது அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். சேரிக்குக் காலனி என்று பெயர் வைத்த அதே நாகரிகம்தான். எல்லை அங்கேயே இருந்தது, பலகை மட்டும் மாறியது. அந்தப் பக்கத்துக்கு வைத்த பெயர் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’: பாடகர் மாறி மாறிப் பாடி நிலைத்துப் போன பாட்டுகள், எல்லோருக்கும் பொதுவானவை என்று பொருள். ஒன்று இனத்தின் பாட்டு, இன்னொன்று மனிதகுலத்தின் பாட்டு. இந்தப் பாகுபாட்டைச் செய்தது இசை ஞானமல்ல, கடையில் தட்டுகளை அடுக்கிய அலமாரி.

1959இல் ரே சார்ல்ஸ் அந்த அலமாரியைக் கலைத்தார். ‘தி ஜீனியஸ் ஆஃப் ரே சார்ல்ஸ்’ என்ற தட்டின் ஒரு பக்கம் பெரிய ஜாஸ் வாத்தியக் குழு, மறுபக்கம் ரால்ஃப் பர்ன்ஸ் எழுதிய தந்தி வாத்தியங்களோடு ஆறு மெதுவான பாட்டுகள். உயர்ந்தார் என்றார்கள். எங்கே உயர்ந்தார் என்று பார்க்கலாம். அந்த ஆறில் ஒன்று ‘கம் ரெயின் ஆர் கம் ஷைன்’. மெட்டமைத்தவர் ஹெரால்ட் ஆர்லன். யூத ஜெப ஆலயத்தில் பிரார்த்தனை பாடுகிறவரின் மகன். அது எழுதப்பட்டது 1946இல், கறுப்பு நடிகர்களே நடித்த ‘செயின்ட் லூயிஸ் வுமன்’ என்ற இசை நாடகத்துக்காக. இன்னொன்று ‘ஜஸ்ட் ஃபார் எ த்ரில்’. அதை ஆக்கியதில் பங்கு லில் ஹார்டினுக்கு. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கோடு வாழ்ந்த, அவரோடு வாசித்த கறுப்புப் பியானோக்காரி. மேல்மாடி என்று நினைத்து ஏறிப் போனவர் அங்கே தன் பாட்டியின் உரலைத்தான் பார்த்தார். பொதுப் பாட்டு என்று விற்கப்பட்டதில் பாதி, ஏற்கெனவே கீழ்வீட்டிலிருந்து போனது.

அவர் என்ன செய்தார் என்பது இதைவிட முக்கியம். ரால்ஃப் பர்ன்ஸின் வயலின்கள் சுத்தமாக, காகிதத்தில் எழுதிய ஸ்தாயியில், எழுதிய கணத்தில் வருகின்றன. ரே சார்ல்ஸின் குரல் அந்தக் கணத்துக்கு வந்து சேருவதில்லை. தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று, வாத்தியங்களைக் காக்க வைக்கிறது. பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு சுரத்தில் போய் விழுகிறது. தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கேட்கிறவனின் முனகல், காதல் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன்னால், கோவில் மெட்டில் காமத்தைப் பாடுகிறான் என்று பக்திமான்கள் அவரைத் திட்டினார்கள். இங்கேயும் அவர் செய்தது அதே குற்றம்தான், இடம் மட்டும் வரவேற்பறை. அவர் அந்தப் பாட்டுகளிடம் போய்ச் சேரவில்லை. அவை அவரிடம் வந்து மாட்டிக் கொண்டன.

எல்லோருக்கும் இது நடப்பதில்லை. 2002 தொடங்கி 2010 வரை, ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் இதே வகைப் பாட்டுகளை ஐந்து தொகுதிகளாகப் பாடி ஏராளமாக விற்றார். கரகரத்த, நல்ல குரல் அவருடையது. அந்தக் கரகரப்பை வயலின்கள் பட்டுத் துணி போல மூடி விட்டன. வாத்தியக் குழு அங்கே ஓய்வூதியம்.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்ல வேண்டும். என் வாதமே அவரிடம்தான் இருக்கிறது. மார்வின் கே. ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடி உலகப் புகழ் பெற்றவர். உள்ளுக்குள் ஆசைப்பட்டதெல்லாம் நாட் கிங் கோல் மாதிரி, வயலின் நடுவே நின்று மெதுவான பாட்டுப் பாட வேண்டும் என்று. 1961இல் வெளிவந்த முதல் தட்டே அந்த வகைதான், விலை போகவில்லை. 1967இல் பாபி ஸ்காட் அவருக்காக அப்படிப்பட்ட சில பாட்டுகளுக்கு வாத்தியங்களை எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். அந்த வாத்தியப் பதிவு முடிந்து போன ஒன்று, இனி மாறாது. மார்வின் கே பாடிப் பார்த்தார், ஒத்து வரவில்லை, வைத்து விட்டார். எழுபதுகளின் கடைசியில், இல்வாழ்க்கை உடைந்து, கடனில் மூழ்கியிருந்த காலத்தில், அதே வாத்தியப் பதிவைத் திரும்ப எடுத்து அதன் மேல் புதிதாகப் பாடினார். தன் குரலின் மேலேயே தன் குரலை அடுக்கிப் பாடினார். 1984இல் இறந்தார். 1997இல்தான் அது ‘வல்னரபிள்’ என்ற பெயரில் வெளியே வந்தது. வயலின்கள் பன்னிரண்டு வருஷமும் அதே இடத்தில் அப்படியே நின்றன. அவை அவரை உயர்த்தவில்லை, ஓர் அங்குலம்கூட. மாற வேண்டியிருந்தது குரல். அது மாறியதும் பட்டு அல்ல, வாழ்க்கையால்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தச் சேர்க்கையில் குரல் என்ன ஆயிற்று? வாத்தியத்தை அது வளைத்ததா, வாத்தியத்துக்கு அது வளைந்ததா? இந்தக் கேள்வியோடு திருவாசகத்துக்கு வருவோம்.

நான் கோட்டைப்பட்டினத்துக்காரன். கடலோரத்தில் எங்கள் ஊர். உள்ளே போனால், அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆவுடையார்கோவில். திருவாசகத்தில் வரும் திருப்பெருந்துறை அதுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரைக்குப் பணத்தோடு வந்த மந்திரி, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பணத்தைக் கோவிலில் போட்டு, பாட ஆரம்பித்த இடம் என்கிறது புராணம். நரியைப் பரியாக்கி, சிவனே குதிரை இராவுத்தனாக வந்தான் என்கிறது. அந்த இராவுத்தர் என்ற பெயரோடு எங்கள் ஊரில் ஒரு தர்காவே இருக்கிறது. எங்களூர்க் கடைத்தெருவில் யாரும் இந்தப் பெயரை இந்து, முஸ்லிம் என்று பிரித்து வைத்து எடை போட்டதில்லை. ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் கிடையாது, வெறும் ஆவுடை மட்டும்தான். கல்லில் கயிறும் குதிரையும் செதுக்கத் தெரிந்தவர்கள், நடுவிடத்தை நிரப்பாமல் விட்டார்கள். எதை வைத்தால் உயரும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அந்தப் பாட்டுகள் எப்படிப்பட்டவை? திருவாசகத்தைத் தெய்வீகம் தெய்வீகம் என்று கும்பிட்டே படிக்காமல் விட்டவர்கள் அதிகம். பதிகத் தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். திருவம்மானை. திருப்பொற்சுண்ணம். திருக்கோத்தும்பி. திருத்தெள்ளேணம். திருச்சாழல். திருப்பூவல்லி. திருவுந்தியார். திருத்தோணோக்கம். திருப்பொன்னூசல். காய் தூக்கிப் போட்டு விளையாடுவது, வாசனைப் பொடி இடிப்பது, வண்டைக் கூப்பிடுவது, கை கொட்டுவது, கேள்வி கேட்டுப் பதில் சொல்வது, பூப் பறிப்பது, ஊஞ்சலாடுவது. அத்தனையும் பெண்கள் முற்றத்தில் வேலை செய்துகொண்டும் விளையாடிக்கொண்டும் பாடிய பாட்டுகளின் உருவங்கள். மந்திரி பதவி பார்த்த ஒரு மனிதர், சம்ஸ்கிருதமும் சாத்திரமும் அறிந்தவர், தன் உடைந்த மனசைச் சொல்ல உலக்கைப் பாட்டின் தாளத்தை எடுத்துக் கொண்டார். அந்தத் தாளத்தில்தான் அது அடங்கியது. நம் ‘ஸ்டாண்டர்ட்’ பிறந்த இடம் முற்றம். இளையராஜா எடுத்துக் கொண்ட ஆறில் பொற்சுண்ணமும் இருக்கிறது, கோத்தும்பியும் இருக்கிறது. தேனிப் பக்கத்து நாற்று நடவையும் ஒப்பாரியையும் கேட்டு வளர்ந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு சினிமாவுக்கு வந்த ஒருவர் பொற்சுண்ணம் பாடினால், அதில் மேலே போனது யார்? தன் வீட்டுக் கொல்லையில் நுழைந்தவரைப் பார்த்து ஏறி விட்டார், ஏறி விட்டார் என்று கை தட்டுகிறோம்.

உயர்த்தினார் என்று சொல்லும்போது, புறப்பட்ட இடம் தாழ்ந்தது என்று சொல்லாமல் சொல்கிறோம். நம்மில் பலர் புடாபெஸ்ட் என்று எழுதினால் அடுத்த வரியில் பண்ணைப்புரம் என்று எழுதாமல் இருக்க முடிவதில்லை. அங்கிருந்து இங்கே என்று அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. எந்த வயலின் வித்வானைப் பற்றியும் இந்த அளவுகோலை நாம் எடுப்பதில்லை. பாராட்டின் உள்ளே சாதி மூச்சு விடுகிறது. இதை வசை என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

வசை அவரோடு நிற்கவில்லை. ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகத் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்தில் பாடி வந்திருக்கிறார்கள். வாத்தியம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்தப் பாட்டைக் கேட்கக் கோவிலுக்கு ஒரு தடவைகூடப் போகாதவர்கள், ஹங்கேரியில் வாசிக்கப்பட்டதும் ‘இப்போதுதான் உயிர் வந்தது’ என்றார்கள். 1900இல் ஜி.யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததையும், அவர் கண்ணீர் விட்ட கதையையும் நாம் சொல்லிச் சொல்லித் தேய்த்ததும் இதே மனநிலையில்தான். வெளியாள் அழுதால்தான் நமக்குக் கண் கலங்குகிறது. போப் செய்தது பெரிய வேலை. அவர் உழைப்பை நாம் சான்றிதழாக மாற்றிக் கொண்டதுதான் கேவலம்.

இனி இசைத்தட்டுக்கு வருகிறேன். அதைப் பாராட்டுகிறவர்கள் யாரும் அதற்குள் போய்ப் பேசாததால், நான் போக வேண்டியிருக்கிறது.

மேற்கத்திய ஹார்மனியில் சுரங்கள் அசையாமல் நிற்க வேண்டும். பல சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கிற கட்டடம் அது. ஒன்று நழுவினால் சரிந்து விடும். நம் பாட்டில் சுரம் நிற்பதே கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி, அசைந்து, வழியில்தான் அர்த்தத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்க்கிறவன், ஒன்று குரலின் அசைவைச் செதுக்கி எறிய வேண்டும்; இல்லாவிட்டால் அசைகிற குரலுக்கு இடம் விட்டு வாத்தியத்தை எழுத வேண்டும். சிவபுராணத்திலிருந்து எடுத்த நீண்ட பகுதியில் இளையராஜாவின் குரல் தனியாக வரும் இடங்களைக் கேளுங்கள். பயிற்சி பெற்ற பக்திப் பாடகரின் குரலல்ல அது. மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம் அடைபட்டு வருகிறது. வாக்கியத்தின் கடைசியில் ஒப்பாரிக்காரியைப் போலத் தொங்கி இறங்குகிறது. அந்த இறக்கத்துக்குக் கீழே தந்தி வாத்தியங்கள் விலகி நிற்கின்றன, விலகி நிற்கும்படி அவரே எழுதியிருக்கிறார். வாத்தியத்தை எழுதியவரும் பாடுகிறவரும் ஒரே ஆள் என்பதன் பலன் இது. ரே சார்ல்ஸுக்குக்கூட அமையாதது. தன்னைப் பழிக்கும் ஒருவன், சத்தமில்லாத பெரிய மண்டபத்தில் தனியாக நிற்பது காதில் விழுகிறது. இங்கே சேர்க்கை வென்றது.

அதே பகுதியில் ஆங்கில வரிகள் வருகின்றன, ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. அங்கே அது தோற்கிறது. ஆங்கிலம் என்பதால் அல்ல. அந்த வரிகள் யாருக்கோ விளக்கம் சொல்கின்றன. அதுவரை கடவுளிடம் பேசிக் கொண்டிருந்த குரல், திடீரென்று கேட்பவர் பக்கம் திரும்பி, நான் என்ன சொல்கிறேன் என்றால், என்று ஆரம்பிக்கிறது. மணிவாசகருக்கு நேர் எதிர் இது. பிராட்வே மேடையில் நடிகர் முன்னால் வந்து தன் மனநிலையை அறிவிக்கும் சங்கதி. ஏணியை நம்புகிறவர்களுக்காக வைத்த படி அது, இடறுவதும் அதில்தான்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ‘உயர்த்தினார்’ என்ற சொல்லால் முடியாது. ‘கெடுத்தார்’ என்ற சொல்லாலும் முடியாது. அப்படியானால் அவை விமர்சனச் சொற்களே அல்ல. நரியைப் பரியாக்கிக் காட்டும் வித்தைகள். ராத்திரியானால் லாயத்தில் ஊளை கேட்கும்.

1993இல் இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவை வைத்து ஒரு சிம்பனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவில்லை. வெளிவராத அந்த இசையைப் பற்றி எத்தனை பக்கம் புகழுரை! கேட்காத ஒன்றைப் புகழ முடிந்தது எப்படி? லண்டன் என்ற பெயரைக் கேட்டாயிற்று, அதுவே போதும். இசை எதற்கு?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குரலைச் சொல்கிறேன். நாகூர் இ.எம். ஹனீஃபா, 1925 முதல் 2015 வரை வாழ்ந்தவர். எங்கள் ஊரில் கந்தூரியானாலும் கல்யாணமானாலும் ஒலிபெருக்கியில் அவர்தான். நம் ஊர்ப் பேச்சில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் புடாபெஸ்ட் அல்ல, கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடும் கோஷ்டி. அந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள்கூட அவர் பாட்டை எடுத்தால் வாத்தியத்தைக் குறைத்துக் கொள்வார்கள். மேல் ஸ்தாயியில் போய் நின்று, அங்கேயே பேசக் கூடிய குரல் அது. திராவிட இயக்க மேடையில் மைக்கை மிரட்டிய அதே தொண்டை, நபியைப் பாடும்போது கெஞ்சும். 1992இல் ‘செம்பருத்தி’ படத்தில் அவரைப் பாட வைத்தவர் இதே இளையராஜாதான். அவருக்குத் தெரிந்திருக்கிறது, குரல் எது என்று. நமக்குத்தான் தெரியவில்லை. ஹனீஃபாவை நம் இதழ்களில் ஒரு கலைஞராக, குரலின் நுணுக்கம் பற்றிப் பேசத் தக்கவராக, எத்தனை பேர் எழுதினோம்? கட்சிப் பாடகர், மதப் பாடகர் என்று இரண்டு அலமாரிகள் தயாராக இருந்தன, வைத்து மூடி விட்டோம். அவருக்குப் பின்னால் எண்பது வயலின்கள் நின்றிருந்தால் நாமும் பேனாவை எடுத்திருப்போம். இதுதான் நம் ரசனையின் கணக்கு.

இசை பற்றி நமக்கென்ன, நாம் கவிதைக்காரர்கள் என்று நண்பர்கள் சொல்லலாம். கவிதையிலும் நாம் வைத்திருப்பது இதே கடைதான். ஒரு கிராமத்துக் கவிஞன் நன்றாக எழுதி விட்டால், அவன் கவிதைக்குப் பின்னால் ஐரோப்பியப் பெயர்கள் நாலைந்தை வரிசையாக நிறுத்தி வாசிக்க வைக்கிறோம். ரில்கேயை ஞாபகப்படுத்துகிறான், வயெஹோவின் துக்கம் இவனிடம் இருக்கிறது. முன்னுரைகளைப் புரட்டிப் பாருங்கள். அவை நாம் வாடகைக்கு எடுக்கும் புடாபெஸ்ட் வாத்தியக் குழு. ரில்கேயைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரே சார்ல்ஸ் வயலின் வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் முனகலுக்கு அது காத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நம் கவிஞனின் வரி எந்த இடத்தில் தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது, அந்தத் தடுக்கலை எந்தப் பெயரும் சமன் செய்து விடாமல் எப்படிக் காப்பது என்று எழுதத் தெம்பில்லாத போதுதான் நாம் பெயர்களைக் கூப்பிடுகிறோம்.

ஆகவே இந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. இனி ‘உயர்த்தினார்’, ‘உலகத் தரம்’, ‘சர்வதேச’ என்ற சொற்களோடு எந்தக் கட்டுரை வந்தாலும், என்னுடையதே ஆனாலும், தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்புங்கள். எந்தக் குரல், எந்த வரியில், எந்தச் சுரத்தில், என்ன செய்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கேட்காதவர்கள் சும்மா இருக்கட்டும்.